ஆவி காக்கும் பெட்டி

வயலுக்கு நீர் இறைக்கும் பழைய வகைப் பம்பின் அருகே சற்று நேரம் நின்று நோக்குவோர் ஒரு சிறு காட்சியைக் காணலாம். சுழலும் தண்டு பம்பின் உடலுக்குள் நுழையும் இடத்தில் நீர் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருக்கும். உழவர் அதனைப் பழுது என்று கருதுவதில்லை. சொட்டு தாரையாக மாறினால் மட்டும் ஸ்பானரை எடுத்து, அவ்விடத்திலுள்ள இரண்டு நட்டுகளைச் சிறிதளவு முறுக்குவார். தாரை மீண்டும் சொட்டாகும். அவ்விடத்தைக் 'கிளாண்டு' என்பர். அதனுள்ளே தண்டினைச் சுற்றிக் கயிறு ஒன்று திணிக்கப்பட்டிருக்கும். எளிய இக்கயிற்றுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. நீராவி எஞ்சின் உலகை ஆண்ட காலத்தில், அதன் ஆற்றலைக் கட்டிக் காத்தது இத்தகைய கயிறே.

அசையாத பொருள்களுக்கு இடையே உள்ள சந்தினை அடைப்பது எளிது. குடத்தின் ஓட்டையை அரக்கு அடைக்கும். படகின் பலகைச் சந்தினைப் பஞ்சும் பிசினும் அடைக்கும். ஓயாது ஓடும் தண்டினைச் சுற்றியுள்ள சந்தினை எவ்வாறு அடைப்பது? துளை தண்டினும் சற்றுப் பெரிதாக இருந்தாலன்றித் தண்டு ஓடாது. பெரிதாக இருந்தாலோ, உள்ளிருப்பது வெளியேறிவிடும். இறுக அடைத்தால் ஓட்டம் கெடும். தளர விட்டால் ஆற்றல் கெடும். 'கசிவு' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. அன்பினால் உள்ளம் நெகிழ்தலும் கசிவே. கலத்திலிருந்து நீர் ஊறி ஒழுகுதலும் கசிவே. அடியார் உள்ளத்தில் முன்னது போற்றத்தக்கது. எந்திரத்தில் பின்னது எவராலும் விரும்பப்படுவதன்று.

இங்கிலாந்தில் 1712-ஆம் ஆண்டில் தாமஸ் நியூகாமன் என்பார் சுரங்க நீரை இறைக்க ஓர் எஞ்சினை நிறுவினார். அதன் உருளை மேற்புறம் திறந்தே இருந்தது. உருளையினுள் மேலும் கீழும் ஓடும் தட்டினைப் பிஸ்டன் என்பர். பிஸ்டனுக்குக் கீழே ஆவியை நிரப்பி, அதன்மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவர். ஆவி குளிர்ந்து நீராகும்; அவ்விடம் வெற்றிடமாகும்; மேலிருக்கும் காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். பிஸ்டனின் விளிம்பில் தோல் வைத்து, அதன்மேல் சிறிது நீரையும் தேக்கி வைத்தனர். நீரே சந்தினை அடைத்தது. மேல்மூடி இல்லாமையால் தண்டு நுழைவதற்குத் துளையும் இல்லை. துளை இல்லாத இடத்தில் கசிவும் இல்லை.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செப்பனிட்டுவந்த ஜேம்ஸ் வாட், இவ்வெஞ்சினின் சிறு மாதிரி ஒன்றைப் பழுது பார்க்க நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் உருளையைக் குளிரச் செய்து மீண்டும் சூடேற்றுவதால் ஆவியில் பெரும்பகுதி வீணாவதை அவர் கண்டார். 1765-ஆம் ஆண்டில் அவருக்கு வழி ஒன்று புலப்பட்டது. ஆவியைக் குளிர்விக்க வேறொரு கலம் இருக்கட்டும். உருளை எப்பொழுதும் சூடாகவே இருக்கட்டும் என்பது அவர் கருத்து. இதனைப் பலரும் அறிவர். இதிலிருந்து தொடர்ந்து எழுந்த இடர்ப்பாடுகளைச் சிலரே அறிவர்.

உருளை சூடாகவே இருத்தல் வேண்டுமெனில், குளிர்ந்த காற்று அதனுள் புகுதல் கூடாது. ஆகவே மேற்புறத்தை மூட வேண்டும். மூடினால் பிஸ்டனைக் காற்று அழுத்த இயலாது. காற்றுக்கு மாறாக ஆவியையே மேலிருந்து அழுத்தச் செய்யலாம். நன்று, ஆனால் பிஸ்டனின் தண்டு மூடியினூடே சென்றாக வேண்டுமே! மேலும், பிஸ்டன்மேல் நீரைத் தேக்கும் பழைய முறை இங்குச் செல்லாது. சூடான சுவரில் பட்ட நீர் கொதித்து ஆவியாகி, வெற்றிடத்தையே கெடுத்துவிடும். ஆகவே வாட் இரண்டு இடங்களில் கசிவோடு போராட வேண்டியவரானார்: ஒன்று பிஸ்டனின் விளிம்பு, மற்றொன்று மூடியின் துளை.

துளைக்கு உரிய விடை முன்னரே இருந்தது. சாமுவேல் மார்லண்ட் என்பார் 1675-ஆம் ஆண்டளவில் தம் நீரேற்றும் பம்பில் திணிப்புப் பெட்டியைப் பயன்படுத்தியிருந்தார். துளையைச் சுற்றிக் கிண்ணம் போன்ற ஒரு பெட்டி அமைந்திருக்கும். தண்டுக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையே சணல் கயிற்றினை வளையம் வளையமாக இட்டு நிரப்புவர். அவற்றின்மேல் கிளாண்டு என்னும் வளையமூடியை வைத்து நட்டுகளால் அழுத்துவர். மேலிருந்து அழுத்துண்ட கயிறு பக்கவாட்டில் விரியும். விரிந்து தண்டினைத் தழுவும். கயிறு தேயத் தேய நட்டுகளை முறுக்கிக்கொள்ளலாம். மார்லண்டின் பெட்டி தடுத்தது குளிர்ந்த நீரை. வாட்டின் பெட்டி தடுக்க வேண்டியிருந்ததோ சுடுகின்ற ஆவியை. அதனால் சணலோடு விலங்குக் கொழுப்பையும் சேர்த்தனர். கொழுப்பு சந்துகளை நிரப்பியதோடு தண்டு வழுக்கி ஓடவும் துணை செய்தது.

பிஸ்டனின் விளிம்போ எளிதில் வசப்படவில்லை. 1769-ஆம் ஆண்டில் வாட் தம் கருத்துக்கு உரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே ஸ்காட்லாந்தின் கின்னீல் என்னுமிடத்தில் 18 அங்குல விட்டமுள்ள உருளையோடு ஓர் எஞ்சினை அமைத்தார். அவ்வுருளை உண்மையான வட்டமாக அமையவில்லை. ஓரிடத்தில் பொருந்திய பிஸ்டன் மற்றோரிடத்தில் இடைவெளி விட்டது. தக்கை, எண்ணெயில் தோய்த்த கந்தல், பழைய தொப்பி எனக் கைக்கு அகப்பட்டவற்றையெல்லாம் அவர் திணித்துப் பார்த்தார். ஆவி நிற்கவில்லை. வாட்டுக்குப் பொருளுதவி செய்துவந்த ரோபக், தம் தொழில்களின் வீழ்ச்சியால் 1773-ஆம் ஆண்டில் கடனில் மூழ்கினார். அதே ஆண்டில் வாட்டின் மனைவியும் காலமானார். கால்வாய்களுக்கு நிலம் அளந்து பிழைப்பை நடத்திவந்த அவர், மறு ஆண்டில் பர்மிங்காம் நகருக்குக் குடியேறி மாத்யூ போல்டனோடு சேர்ந்தார்.

அதன்பின் துணையாக வந்தது பீரங்கிக் குழாய் குடையும் தொழில். ஜான் வில்கின்சன் என்னும் இரும்பு ஆலையார் உருளைகளைத் திருத்தமாகக் குடையும் முறையை அமைத்திருந்தார். அவர் குடைந்து தந்த 50 அங்குல உருளையில் எவ்விடத்தும் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிழையில்லை என்று போல்டன் வியந்து எழுதினார். 1776-ஆம் ஆண்டில் வாட்டின் எஞ்சின்கள் தொழிற்களத்தில் ஓடத் தொடங்கின. கருத்துத் தோன்றியது 1765. அது பயன் தந்தது 1776. இடைப்பட்ட பதினோராண்டுகளில் பெரும்பகுதியை விழுங்கியது கைவிரல் நுழையாத ஒரு சந்து என்றால், அது மிகையாகாது.

1782-ஆம் ஆண்டில் வாட் மற்றொரு முறைக்கு உரிமை பெற்றார். பிஸ்டனின் இருபுறமும் ஆவியை மாறி மாறிச் செலுத்துவது அம்முறை. அதனால் திணிப்புப் பெட்டியின் வேலை இரட்டிப்பாயிற்று. மேற்புறத்தில் ஆவி நிறைந்திருக்கும்பொழுது அது வெளியேறாமல் காக்க வேண்டும். மறுகணம் அங்கே வெற்றிடம் தோன்றும்பொழுது வெளிக்காற்று உட்புகாமல் காக்க வேண்டும். மற்றுமோர் இடரும் நேர்ந்தது. அதுவரை தண்டினை மேலுள்ள துலாவோடு சங்கிலி இணைத்திருந்தது. சங்கிலி இழுக்குமேயன்றித் தள்ளாது. தள்ளுவதற்கு உறுதியான இணைப்பு வேண்டும். துலாவின் நுனியோ வில்போல் வளைந்து செல்வது. அதனோடு தண்டினை நேரே பிணைத்தால், தண்டு பக்கவாட்டில் சாய்ந்து பெட்டியின் ஒருபுறத்தை நெருக்கும். மறுபுறத்தில் வழி திறக்கும். தண்டு நேர்கோட்டில் செல்லுமாறு கம்பிகளை இணைத்து, 1784-ஆம் ஆண்டில் வாட் அமைத்த பொறியமைப்பு இவ்விடரை நீக்கியது. தம் படைப்புகள் அனைத்தினும் இதனைக் குறித்தே தாம் மிகுந்த பெருமிதம் கொள்வதாக அவர் முதுமையில் எழுதினார்.

கயிறு திணிப்பது கைத்தேர்ச்சி வேண்டும் தொழில். ஒவ்வொரு வளையத்தின் முனையையும் சாய்வாக வெட்ட வேண்டும். ஒரு வளையத்தின் பொருத்துவாய்க்கு நேரே அடுத்ததன் பொருத்துவாய் அமையலாகாது. அமைந்தால் ஆவிக்கு நேர்வழி கிடைத்துவிடும். இரண்டு நட்டுகளையும் ஒரே அளவாக முறுக்க வேண்டும். புதிதாகத் தொழில் பழகுவோர் கசிவைக் கண்டவுடன் வலுவெல்லாம் கூட்டி முறுக்குவர். கசிவு அப்போதைக்கு நிற்கும். ஆயின் தண்டு சூடேறும். கொழுப்பு உருகி ஓடும். கயிறு விறகுபோல் இறுகும். இறுகிய கயிறு தண்டிலேயே வரி கீறும். வரி விழுந்த தண்டுக்கு எத்துணைக் கயிறு திணித்தும் பயனில்லை. அவ்வரியே ஆவிக்கு வாய்க்காலாகும்.

ஜோசப் பிராமா 1795-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற நீரழுத்தப் பொறியிலும் இதே தொல்லை எழுந்தது. நீர் கசியாதவாறு திணிப்பை இறுக்கினால், அழுத்தம் நீங்கிய பின்னும் தடித்த தண்டு கீழிறங்காமல் நின்றுவிட்டது. அங்கே பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே இதற்கு வழி கண்டதாக, அவரிடம் பின்னாளில் தொழில் பயின்ற நாஸ்மித் எழுதியுள்ளார். உதடுபோல் மடிந்த தோல்வளையம் ஒன்று தண்டினைச் சூழ வைக்கப்பட்டது. நீரின் அழுத்தமே உதட்டினை விரித்துத் தண்டோடு ஒட்டச் செய்தது. அழுத்தம் நீங்கியதும் உதடு தானே தளர்ந்தது. பகையின் வலிமையையே காவலாக்கிய இச்சூழ்ச்சி பாராட்டுக்குரியது. ஆயினும் வெந்துபோகும் தோலை ஆவிப்பெட்டியில் பயன்படுத்த இயலவில்லை.

புகைவண்டி எஞ்சின்களில் அழுத்தமும் விரைவும் மிகுந்தன. 6 அடி விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 60 மைல் ஓடும்பொழுது நிமிடத்திற்கு ஏறத்தாழ 280 முறை சுழலும். பிஸ்டன் தண்டும் அத்தனை முறை பெட்டியினூடே சென்று மீளும். ஜெர்மானியப் பொறியியலார் வில்ஹெல்ம் ஷ்மிட் கண்ட மிகைவெப்ப ஆவி, 1898-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் புகைவண்டிகளில் புகுந்தது. அவ்வாவியின் வெப்பம் 300 பாகை செல்சியசையும் கடந்தது. சணலும் கொழுப்பும் அதன்முன் கரிந்துபோயின. கல்நாரினாலும் திணிப்புகள் செய்யப்பட்டன. அது தீயைத் தாங்கியது, ஆயின் அதன் தூசு நுரையீரலைக் கொல்லும் என்பது பின்னரே தெளிவாயிற்று. நிலைத்த விடையைத் தந்தது உலோகம். வளையத்தைத் துண்டுகளாக வெட்டித் தண்டினைச் சுற்றிப் பொருத்தி, அவற்றைச் சுருள்வில் ஒன்றால் இடுப்புக்கச்சைபோல் இறுக்கிக் கட்டினர். துண்டுகள் தேயத் தேய வில் அவற்றை நெருக்கிக்கொண்டே வந்தது. ஆவியும் தன் பங்குக்கு அவற்றை அழுத்தியது. நட்டு முறுக்கும் கைக்கு வேலை குறைந்தது.

இவ்வளையங்கள் தேய்ந்த எஞ்சினை ஓட்டுநர்கள் வெறுத்தனர். நிலக்கரி வீணாவது மட்டும் அதற்குக் காரணமன்று. குளிர்ந்த நாடுகளில், எஞ்சினின் முன்புறத்திலிருந்து கசியும் ஆவி வெண்முகிலாகத் திரண்டு ஓட்டுநரின் கண்ணை மறைத்தது. ஒரு விரற்கடைச் சந்தின் வழியே வெளிவந்த ஆவிக்கு அப்பால், வழியை விடுவதா மறுப்பதா என்று கூறும் கைகாட்டி மரம் நின்றது. அதனைக் காண்பதற்கு ஓட்டுநர் பனிக்காற்றில் தலையை வெளியே நீட்டி, முகில் விலகும் கணத்தை எதிர்நோக்கியிருந்தார்.