கார் ஸ்டீரியோவின் தொல்லைகளும் வீட்டுக் கம்ப்யூட்டரில் தீர்வும்

கம்ப்யூட்டர் வாங்கிப் பழகத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதி, கம்ப்யூட்டரைப் பற்றியதாக இருப்பதில்லை. "பாட்டெல்லாம் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன் சார். கம்ப்யூட்டரில் பாடுகிறது, காரில் பாட மாட்டேன் என்கிறது", "நான் போட்ட வரிசை ஒன்று, அது பாடுகிற வரிசை வேறு", "காரில் ஏறி உட்கார்ந்தாலே போன் தானாகப் பாட ஆரம்பித்துவிடுகிறது" என்று வரிசையாகக் கேட்பார்கள். பலர் ஸ்டீரியோவைக் கழற்றி மெக்கானிக்கிடம் காட்டும் அளவுக்குப் போய்விடுகிறார்கள்.

அதற்குத் தேவையில்லை. கார் ஸ்டீரியோவும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். நீங்கள் கொடுத்த பைலை, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் படிக்கிறது. அது எப்படிப் படிக்கும் என்று தெரிந்துகொண்டால், பெரும்பாலான தொல்லைகளை வீட்டு மேஜையிலேயே தீர்த்துவிடலாம்.

வீட்டிலேயே தீர்ப்பது முக்கியமும்கூட. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், 3 விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். பிடிக்காத பாட்டை மாற்ற ஸ்டீரியோவைப் பார்க்கும் அந்த 3 விநாடியும் நீங்கள் சாலையைப் பார்ப்பதில்லை. எனவே கீழே சொல்பவற்றை எல்லாம் கார் நிற்கும்போது அல்லது வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள்.

1. பென் டிரைவைப் படிக்கவே இல்லையா?

முதலில் பென் டிரைவின் பைல் சிஸ்டத்தைப் பாருங்கள். பைல்களை டிரைவில் எப்படி அடுக்கி வைப்பது என்ற ஏற்பாட்டுக்குத்தான் பைல் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸில் பேட்32, எக்ஸ்பேட், என்டிஎப்எஸ் என மூன்று வகைகளை அதிகம் பார்ப்பீர்கள். பேட்32 என்பது 1996-ல் விண்டோஸ் 95-ன் திருத்தப்பட்ட பதிப்போடு வந்தது. பழையது என்பதால் ஏறக்குறைய எல்லாக் கார் ஸ்டீரியோக்களுக்கும் அது தெரியும். மற்ற இரண்டும் பல ஸ்டீரியோக்களுக்குத் தெரியாது. கடையில் வாங்கும் 64 ஜிபி, 128 ஜிபி பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்பேட் முறையில் வருவதால்தான் காரில் செருகியதும் 'டிவைஸ் எரர்' போன்ற செய்தி கிடைக்கிறது.

தீர்வு எளிது. காருக்கென்று 16 அல்லது 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். கம்ப்யூட்டரில் செருகி, அதன் ஐகான் மீது ரைட் கிளிக் செய்து 'பார்மட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் டயலாக் பாக்ஸில் 'பைல் சிஸ்டம்' என்ற இடத்தில் பேட்32 என்று அமைத்து, 'ஸ்டார்ட்' பட்டனை அழுத்துங்கள். பார்மட் செய்தால் உள்ளே இருப்பது அனைத்தும் போய்விடும். தேவையான பைல்களை முன்னதாகக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். சரியான டிரைவ் மீதுதான் கிளிக் செய்கிறோமா என்று இரண்டு முறை பார்த்துவிடுங்கள்.

பார்மட் சரியாக இருந்தும் சில பாட்டுகள் மட்டும் பாடவில்லை என்றால் பைல் வகையைக் கவனியுங்கள். எம்பி3 அனேகமாக எதிலும் பாடும். பிளாக், எம்4ஏ போன்றவை எல்லா ஸ்டீரியோவிலும் பாடாது. எவையெவை பாடும் என்பது காரோடு தந்த கையேட்டில் இருக்கும்.

2. வரிசை மாறிப் பாடுகிறதா?

என் மைத்துனர் கால் டாக்சி ஓட்டுகிறார். காலையில் முதல் சவாரிக்குச் சுப்ரபாதம், பிறகு பக்திப் பாடல்கள், பத்து மணிக்கு மேல் பழைய சினிமாப் பாடல்கள் என்று கணக்காகப் பென் டிரைவில் போட்டு வைத்திருந்தார். விடியற்காலையில் ஒரு வயதான தம்பதியைக் கோயிலுக்கு ஏற்றிப் போகும்போது சுப்ரபாதம் முடிந்ததும் குத்துப்பாட்டு ஒன்று அதிர ஆரம்பித்ததாம். "கம்ப்யூட்டரில் பார்த்தால் வரிசை சரியாகத்தானே இருக்கிறது மச்சான்?" என்று என்னிடம் கொண்டு வந்தார்.

காரணம் இதுதான். பேட்32 முறையில் ஒரு போல்டரில் உள்ள பைல்களின் பெயர்கள், காப்பி செய்யப்பட்ட வரிசையிலேயே ஒரு பட்டியலாக எழுதப்படுகின்றன. கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலை அகர வரிசையாக மாற்றி நமக்குக் காட்டுகிறது. பல ஸ்டீரியோக்கள் அப்படி மாற்றுவதில்லை. பட்டியலில் உள்ளபடியே பாடுகின்றன. ஒரு பாட்டை அழித்தால் பட்டியலில் அதன் இடம் காலியாகும். அடுத்து நீங்கள் காப்பி செய்யும் பாட்டு, அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். மைத்துனர் ஒரு பக்திப் பாடலை அழித்துவிட்டுப் புதுப்பாட்டு ஏற்றியிருந்தார். அதுதான் சுப்ரபாதத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது.

இப்படிச் செய்யுங்கள்:

அ) கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டர் உருவாக்கிப் பாட்டுகளை அதில் வையுங்கள்.

ஆ) பெயர்களின் முன்னால் 001, 002, 003 என்று எண் கொடுங்கள். வெறும் 1, 2, 10 என்று கொடுத்தால் சில ஸ்டீரியோக்கள் 1-க்குப் பிறகு 10-ஐப் பாடும். முன்னால் பூஜ்யம் போட்டால் அந்தக் குழப்பம் வராது.

இ) பென் டிரைவை மீண்டும் பார்மட் செய்து, போல்டரை முழுதாக ஒரே தடவையில் காப்பி செய்யுங்கள்.

ஈ) பிறகு 'எஜெக்ட்' கட்டளை கொடுத்துவிட்டுப் பென் டிரைவை எடுங்கள். பாதியில் பிடுங்கினால் பட்டியல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

புதுப்பாட்டு சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். மைத்துனர் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் இதைத் தானே செய்துகொள்கிறார்.

3. திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா?

எம்பி3 பைலுக்குள் பாட்டுடன் ஒரு குறிப்பும் ஒளிந்திருக்கும். பாட்டின் தலைப்பு, பாடியவர், ஆல்பம் முதலியவை அதில் இருக்கும். இதற்கு ஐடி3 டேக் என்று பெயர். ஸ்டீரியோ திரையில் காட்டுவது பெரும்பாலும் இந்த டேகைத்தான், பைலின் பெயரை அல்ல. அதனால்தான் நீங்கள் பைலுக்கு அழகாகப் பெயர் வைத்தும், இறக்கிய இணையதளத்தின் பெயரே எல்லாப் பாட்டுக்கும் தெரிகிறது. சில ஸ்டீரியோக்கள் பாட்டு வரிசையையும் இந்த டேகில் உள்ள எண்ணைப் பார்த்தே அமைக்கின்றன. மேலே சொன்ன வழியில் வரிசை சரியாகாவிட்டால் இங்கே பாருங்கள்.

பைல் மீது ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' சென்று 'டீடெய்ல்ஸ்' டேப்பைக் கிளிக் செய்தால் இவற்றைத் திருத்தலாம். நூற்றுக்கணக்கில் பாட்டுகள் இருந்தால் எம்பி3டேக் என்னும் விண்டோஸுக்கான இலவச புரோகிராம் கைகொடுக்கும். தமிழ் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், உங்கள் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். அந்த டேகில் தலைப்பை ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக டைப் செய்துவிடுங்கள். பழைய வகை டேகில் தலைப்புக்கு 30 எழுத்துகளுக்கு மட்டுமே இடம்.

ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது காதைக் கிழிக்கும்படியும் ஒலித்தால் எம்பி3கெய்ன் என்ற புரோகிராமைப் பயன்படுத்துங்கள். பாட்டின் தரத்தைக் குறைக்காமல் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே ஒலி அளவுக்குக் கொண்டு வரும். அதில் முன்கூட்டியே அமைந்துள்ள 89 டெசிபெல் என்ற அளவை அப்படியே விட்டுவிடலாம்.

4. போன் தானாகப் பாடுகிறதா?

போனும் காரும் புளூடூத்தில் இணைந்ததும் பல கார்கள் போனுக்கு 'பாடு' என்று கட்டளை அனுப்பிவிடுகின்றன. எதைப் பாடுவது என்று தெரியாத ஐபோன், அகர வரிசையில் முதலில் இருக்கும் பாட்டை எடுத்துப் பாடும். தினமும் அதே பாட்டைக் கேட்டு வெறுத்துப்போனவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். 2017-ல் சமீர் மெஸ்ராஹி என்ற அமெரிக்கர், 'ஏ ஏ ஏ ஏ ஏ வெரி குட் சாங்' என்று பெயரிட்டுச் சுமார் பத்து நிமிட மௌனத்தை ஐடியூன்ஸில் விற்பனைக்கு வைத்தார். பெயர் காரணமாக அது பட்டியலின் தலையில் நிற்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் வரை கார் அமைதியாக இருக்கும். ஆயிரக்கணக்கானோர் அதை வாங்கினார்கள்.

முதலில் ஸ்டீரியோவின் புளூடூத் செட்டிங்ஸில் 'ஆட்டோ பிளே' என்பது போன்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஸ்டீரியோவை ரேடியோவுக்கு மாற்றி வைத்த பிறகு என்ஜினை நிறுத்திப் பாருங்கள். பல கார்கள் கடைசியாக இருந்த இடத்திலேயே மறுநாளும் தொடங்கும்.

வீட்டில் இரண்டு மூன்று போன்கள் காரோடு இணைந்திருந்தால், வாசலில் நிற்பவரின் போன் அழைப்பு காருக்குள் சத்தமாகக் கேட்கும். தேவையில்லாத போன்களைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். காரை விற்கும்போது இது இன்னும் அவசியம். உங்கள் போனில் உள்ள பெயர்களும் எண்களும் ஸ்டீரியோவில் காப்பி ஆகியிருக்கக்கூடும். 'பேக்டரி ரீசெட்' செய்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

5. ரேடியோவில் சில நிலையங்கள் மட்டும் கிடைக்கவில்லையா?

வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவில் இது அதிகம். அமெரிக்காவில் எப்எம் நிலையங்கள் 98.1, 98.3, 98.5 என்று ஒற்றைப்படைத் தசமத்தில் மட்டும் அமைகின்றன. ஸ்டீரியோவின் ரேடியோ பகுதி 'அமெரிக்கா' என்று அமைந்திருந்தால், சென்னையில் 98.3-ல் உள்ள மிர்ச்சி கிடைக்கும். 106.4-ல் உள்ள ஹலோ எப்எம்மில் நிற்காமல் தாண்டிப் போகும். செட்டிங்ஸில் 'ரேடியோ ஏரியா' அல்லது 'ரீஜன்' என்று தேடி, இந்தியா என்று மாற்றுங்கள். அது இல்லையென்றால் ஐரோப்பா அல்லது ஆசியா என்று வைத்துப் பாருங்கள்.

எல்லா நிலையங்களிலும் இரைச்சல் என்றால், சிகரெட் லைட்டர் துளையில் செருகியுள்ள மலிவு விலை போன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். வேகம் கூடும்போது ஒலியும் தானாகக் கூடினால் அது பழுதல்ல. சாலை இரைச்சலை ஈடுகட்டச் சில கார்களில் தரும் வசதி. செட்டிங்ஸில் குறைக்கலாம், நிறுத்தலாம்.

6. எதைச் செய்தும் சரியாகவில்லையா?

சில குறைகளுக்கு உங்கள் பென் டிரைவும் செட்டிங்ஸும் பொறுப்பல்ல. 2022 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 2014 முதல் 2017 வரையிலான சில மாஸ்டா கார்களின் ஸ்டீரியோக்கள் 94.9 எப்எம் நிலையத்தில் சிக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தித் தாமாகவே மீண்டும் தொடங்கின. அந்த நிலையம் ஒலியோடு அனுப்பிய படங்களின் பைல் பெயரில் ஜேபெக் போன்ற கடைசிப் பகுதி விடுபட்டிருந்தது. வகை தெரியாத பைலைப் படிக்க முயன்று ஸ்டீரியோ திணறிவிட்டது. பைல் பெயரின் கடைசி எழுத்துகளை அழிக்காதீர்கள் என்று நான் கம்ப்யூட்டர் பழகுபவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

அதே மாதம் ஹோண்டா, அக்யூரா கார்கள் பலவற்றில் கடிகாரம் 2002-க்குத் திரும்பியது. சொந்தக்காரர்கள் எவ்வளவு திருத்தியும் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில் அது தானாகச் சரியாகும் என்று நிறுவனமே அறிவித்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்யக்கூடியவை மூன்று. ஸ்டீரியோவின் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து மீண்டும் தொடங்குங்கள். பல ஸ்டீரியோக்களில் இதுதான் நம் கம்ப்யூட்டரின் ரீஸ்டார்ட். அதற்கும் மசியவில்லையென்றால், கார் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய சாப்ட்வேர் வந்திருக்கிறதா என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் பாருங்கள். உங்கள் மாடலுக்கென்று தந்ததைத் தவிர வேறு எதையும் ஏற்றாதீர்கள். அப்படியும் தீராவிட்டால், எந்த நாள், எந்தப் பாட்டு, திரையில் என்ன செய்தி என்பதை ஒரு தாளில் எழுதி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். "ஏதோ சரியில்லை" என்று சொல்வதைவிட அந்த ஒரு தாள் வேலையைச் சீக்கிரம் முடித்துத் தரும்.