வீட்டிலிருந்தே நர்ஸிங் மேற்படிப்பு: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து பாத்திரங்களை ஒதுக்கி வைத்துக் கொண்டிருந்தபோது, நம் உறுப்பினர் குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்து, "டீச்சர், ஒரு விஷயம் கேட்கணும்" என்றாள். பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்தவள். ஒன்பது ஆண்டுகளாக மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. இரண்டு சிறு பிள்ளைகள். கணவருக்கும் ஷிப்டு வேலை. கைப்பேசியில் வந்த விளம்பரம் ஒன்றைக் காட்டினாள். வேலையை விடாமல், வீட்டிலிருந்தபடியே, இரண்டே ஆண்டில் எம்.எஸ்ஸி. நர்ஸிங்; கட்டணத்தைத் தவணையில் செலுத்தலாம். முதல் தவணைக்கு வளையலை அடகு வைக்கலாமா என்பதுதான் அவள் கேள்வி.

"நகையைத் தொடாதேம்மா" என்று அங்கேயே சொல்லிவிட்டேன். நர்ஸிங் மாணவிகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்பதால், காரணத்தை விரிவாக எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தொலைநிலைக் கல்வி, ஆன்லைன் கல்வி இரண்டுக்குமாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் விதிமுறைகளை வெளியிட்டது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் ஆகியவற்றோடு நர்ஸிங்கும் ஆன்லைனில் நடத்தக் கூடாத படிப்புகளின் வரிசையில் இருக்கிறது. எம்.எஸ்ஸி. நர்ஸிங் என்பது இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. வார்டில் நின்று, நோயாளியைத் தொட்டு, ஆசிரியை பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்தும் படிப்பு. கணினித் திரையில் அதைச் செய்ய முடியாது.

"பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தால் போதாதா?" என்று அவள் கேட்டாள். பலரும் சறுக்கும் இடம் இதுதான். பி.ஏ., பி.காம். படித்தவருக்குப் பட்டமே முடிவு. நர்ஸுக்கு அப்படியல்ல. பட்டத்துக்குப் பிறகு பதிவேடு இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்சில் பாடத்திட்டத்தையும் தகுதியையும் வகுத்து வந்திருக்கிறது. மாநில கவுன்சில் பெயரைப் பதிவு செய்கிறது. நர்ஸிங் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்குப் போனால், பட்டம் மட்டுமல்ல, அதைக் கவுன்சில் ஒப்புக்கொண்டதா என்றும் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளாத பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், சம்பளம் உயராது. (2023-இல் நாடாளுமன்றம் தேசிய நர்ஸிங் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நிர்வாகம் கைமாறினாலும் பதிவேடு என்ற ஏற்பாடு மாறாது.)

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம், நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்வி நிலையம்தான் 1996-இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக முக்தகங்கோத்ரியில் மலர்ந்தது. அரசுப் பல்கலைக்கழகம், போலி என்று யாரும் சொல்ல முடியாது. நம் வீடுகளிலும் அதில் படித்து முன்னேறியவர்கள் உண்டு. ஆனால் பிற மாநிலங்களில் தனியார் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து அவர்கள் மூலம் படிப்புகளை நடத்தியதில் சிக்கல் வந்தது. எல்லை தாண்டி மையங்களை நடத்தியது விதிமீறல் என்று கூறி, 2012-13-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என மானியக் குழு 2015 ஜூனில் அறிவித்தது. 2018-இல்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. இன்று முறையாக நடக்கிறது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் சேர்ந்த பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? படித்தார்கள், பணம் கட்டினார்கள், தேர்வும் எழுதினார்கள். தங்கள் பட்டம் செல்லுமா என்ற கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். பல்கலைக்கழகம் உண்மையானது என்பதால் மட்டும் அதன் ஒவ்வொரு படிப்புக்கும் ஒப்புதல் இருப்பதாக ஆகிவிடாது.

2017 நவம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் (ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது) தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களில், 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு, மறுதேர்வுக்கு வாய்ப்புத் தரப்பட்டது. அதன் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்தாயிற்று. அதை நம்பிப் பதவி உயர்வு பெற்று, மகள் கல்யாணம் வரை வந்துவிட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

லாபத்துக்கு நடத்தும் நிறுவனமா என்று பார்ப்பதில் பயன் உண்டா என்று கேட்கலாம். இந்தியாவில் பொதுவாக ஓர் அறக்கட்டளையோ சங்கமோதான் தனியார் பல்கலைக்கழகத்தை நடத்துகிறது. வளர்ச்சிக்கு வேண்டிய உபரி இருக்கலாம், கொள்ளை லாபம் கூடாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே காகிதத்தில் எல்லோரும் தர்மகர்த்தாக்களே. நடுவில் நிற்கும் ஏஜென்டுக்கு ஒவ்வொரு சேர்க்கைக்கும் கமிஷன் உண்டா என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் விளங்கும்.

அமெரிக்காவில் கதை வேறு. நம் குடும்பங்களில் பலருடைய மகளோ மருமகளோ அங்கே நர்ஸாக இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். அங்கே லாபத்துக்கு நடத்தும் பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே உண்டு. ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் 1976-இல் தொடங்கியது. சேம்பர்லினை வைத்திருந்த அட்டாலெம் கம்பெனி 2021-இல் வால்டன் பல்கலைக்கழகத்தையும் வாங்கியது. இவை போலி அல்ல. நர்ஸிங் படிப்புகளை மதிப்பிடும் சி.சி.என்.இ. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்றவை. வேலை பார்த்துக்கொண்டே இவற்றில் முதுநிலைப் பட்டம் முடித்தவர்கள் ஏராளம்.

ஆனால் அங்கும் படிப்பு முழுக்க ஆன்லைன் அல்ல. நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கு, 2022-இல் வெளியான தேசியத் தரவரையறைப்படி, நோயாளிகளை நேரில் கவனிக்கும் பயிற்சி குறைந்தது 750 மணி நேரம் வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இடம் யார் பிடித்துத் தருவது? பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதுதான் முறை. சில இடங்களில் மாணவியே மருத்துவமனை மருத்துவமனையாகக் கேட்டு அலைய நேர்கிறது. இடம் கிடைக்காமல் ஒரு பருவம் தள்ளிப்போனால் கட்டணமும் கூடுகிறது. வாஷிங்டன் போன்ற மாநிலங்கள், வெளி மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் மண்ணில் பயிற்சி செய்யத் தனி ஒப்புதல் கேட்கின்றன. அதனால் மகள் குடியிருக்கும் மாநிலத்து நர்ஸிங் வாரியம் அந்தப் படிப்பை ஏற்கிறதா என்பதே முதல் கேள்வி. கட்டணத்தை ஒப்பிட, 1997-இல் தொடங்கிய லாபநோக்கற்ற வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கம்பெனி மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறக்கலாகாது. நர்ஸிங் பள்ளியும் நடத்திய ஐ.டி.டி. என்ற பெரிய நிறுவனம் 2016 செப்டம்பரில் ஒரே அறிவிப்பில் எல்லாக் கிளைகளையும் மூடியது. மாணவர்கள் பாதிப் படிப்போடு நின்றார்கள்.

அங்கே படித்துவிட்டு மைசூருக்குத் திரும்பி ஆசிரியையாக எண்ணமிருந்தால், சேருமுன்பே இங்குள்ள கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

நம் பெண்ணுக்கு வருவோம். அவளுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, சுலபமான வழி இல்லை. சம்பளமில்லா விடுப்பு எடுத்து முழுநேரம் படிக்கலாம்; மருத்துவமனை நிர்வாகமே அனுப்புமா என்று கேட்கலாம். தீவிர சிகிச்சையில் ஆர்வம் இருந்தால், கவுன்சில் வகுத்த நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பில் இரண்டு ஆண்டின் பெரும்பகுதி வார்டிலேயே கழியும். ஓராண்டுச் சிறப்பு டிப்ளமோக்களும் உள்ளன. டிப்ளமோ மட்டும் முடித்த மூத்த நர்ஸுகளுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பி.எஸ்ஸி. பட்டப் படிப்பை நடத்தி வந்தது. அதில்கூடச் செய்முறைக்கு மையத்துக்குப் போயே ஆக வேண்டும்.

விளம்பரம் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பும்படி அவளுக்கு எழுதிக் கொடுத்த கடிதம் இது. வேண்டுவோர் அப்படியே பயன்படுத்திக் கொள்ளலாம்:

"ஐயா, தங்கள் எம்.எஸ்ஸி. நர்ஸிங் படிப்பில் சேர விரும்புகிறேன். நான் சேரும் கல்வியாண்டுக்கு இப்படிப்பை ஆன்லைனில் நடத்த எந்த அமைப்பு, எந்தத் தேதியில், எந்த எண்ணுள்ள கடிதத்தில் ஒப்புதல் தந்தது? இப்பட்டத்தைக் கர்நாடக மாநில நர்ஸிங் கவுன்சில் பதிவு செய்யுமா? செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில்? இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும்? பதிலைத் தங்கள் பதிவாளர் கையெழுத்துடன் கடிதமாக அனுப்ப வேண்டுகிறேன்."

அவள் இதை அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. கடிதம் வரவில்லை. கட்டணத்தில் தள்ளுபடி தருவதாக இரண்டு முறை போன் வந்ததாம்.