பாஸ்டு அவுட்: பட்டமா, மயக்கமா?

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, வேர்டில் பயோடேட்டா டைப் செய்வது. சாரல் சீசனுக்கு என் ஊரான தென்காசி அருகேயுள்ள சுந்தரபாண்டியபுரத்துக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுத் தம்பி தன் பயோடேட்டாவைக் காட்டினான். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அன்றிரவுக்குள் மெயில் அனுப்ப வேண்டும். முதல் வரியே ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2024’.

“இதை மாத்துடே” என்றேன்.

“ஏண்ணே? சிவப்புக் கோடே விழலியே!” என்றான்.

நானும் 2019-ல் இன்ஜினியரிங் முடித்து வேலையில் சேர்ந்ததும், அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு இப்படித்தான் எழுதினேன். “இப்போது உடம்பு தேவலையா?” என்று பதில் வந்தது!

இந்தச் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு.

1. மயங்கி விழுதல். அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் அன்றாடப் பேச்சில் இதுதான். குடித்துவிட்டு நினைவிழந்து கிடப்பதையும் இப்படியே சொல்வார்கள்.

2. ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுதல். இது பிரிட்டிஷ் வழக்கு. சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடக்கும் ‘பாசிங் அவுட் பரேடு’ இந்தப் பொருளில் வந்ததுதான்.

3. விநியோகித்தல். நோட்டீஸ் கொடுப்பதை இப்படிச் சொல்லலாம்.

4. கல்லூரிப் படிப்பை முடித்தல். இது நம் நாட்டு வழக்கு. நம்மூர் வேலை விளம்பரங்களில் சாதாரணமாகக் காணலாம். இங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. வெளிநாட்டவர் படித்தால்தான் சிக்கல்.

சிவப்புக் கோடு ஏன் வரவில்லை? ஸ்பெல் செக் என்பது எழுத்துப்பிழையைத்தான் பார்க்கும். இங்கே இரண்டு சொற்களுமே சரியான சொற்கள். படிப்பவர் என்ன புரிந்துகொள்வார் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

திருத்துவது எப்படி?

வேர்டில் கன்ட்ரோல் + எச் அழுத்துங்கள். ‘ஃபைண்ட் வாட்’ கட்டத்தில் ‘பாஸ்டு அவுட்’ என்றும், ‘ரீப்ளேஸ் வித்’ கட்டத்தில் ‘கிராஜுவேட்டட்’ என்றும் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ‘ஃபைண்ட் நெக்ஸ்ட்’ கொடுத்து, ஒவ்வோர் இடமாகப் படித்துப் பார்த்து ‘ரீப்ளேஸ்’ கிளிக் செய்யுங்கள். ‘ரீப்ளேஸ் ஆல்’ வேண்டாம். நோட்டீஸ் விநியோகித்ததாக எழுதியிருந்தால் அதுவும் மாறிவிடும்! ‘பாஸ்டு அவுட் ஆஃப்’ என்றிருந்தால் ‘கிராஜுவேட்டட் ஃப்ரம்’ என்று மாற்ற வேண்டும்.

வேறு சொற்றொடர்களில் சந்தேகம் வந்தால், கூகுளில் ‘டிஃபைன்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு அந்தச் சொற்றொடரையும் கொடுங்கள். பொருள்கள் திரையில் வரும். முதல் பொருளோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் படியுங்கள்.

தம்பி திருத்தி அனுப்பிவிட்டான். நீங்களும் உங்கள் பயோடேட்டாவை ஒருமுறை திறந்து பாருங்களேன்!