ஒரு மதிப்பெண், இரண்டு அறிக்கைகள்

கணிப்பொறியிலிருந்து அறிக்கை எடுப்பது இன்று நேற்று தோன்றிய வேலையன்று. 1959ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனம் ஆர்.பி.ஜி. என்னும் மொழியை வெளியிட்டது. அறிக்கைக்கான நிரலை ஆக்கித் தருவது என்பதே அப்பெயரின் பொருள். துளையிட்ட அட்டைகளைப் படிக்கும், கூட்டும், பத்தி பத்தியாக அச்சிடும். அட்டையில் இருந்தது எதுவோ அதுவே தாளில் வந்தது.

பின்னர் நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் அறிஞர் இருவர் சிமுலா 67 என்ற மொழியை உருவாக்கினர். பொருள்நோக்கு நிரலாக்கம் அதிலிருந்து வளர்ந்ததே. இம்முறையில் தகவலும் அதற்குரிய விதியும் ஒன்றாக ஒரு பொருளுக்குள் வாழும். இப்பொருள்களின் அச்சுக்குக் 'கிளாஸ்' என்று பெயர். (நாம் பெஞ்சில் அமர்ந்திருக்கும் கிளாஸ் அன்று, தோழியரே!) ஆனால் தகவல் நிலையாகத் தங்கும் இடம் வேறு. 1970இல் எட்கர் காட் என்பவர் வகுத்துக் கூறிய முறைப்படி, அது அட்டவணைகளாகத் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதனிடம் கேள்வி கேட்கும் மொழியே எஸ்.க்யூ.எல். ஆகவே அறிக்கையைப் பொருள்களிடம் கேட்பதா, அட்டவணைகளிடம் கேட்பதா என்பதே நம் கேள்வி.

ஒரு பள்ளியின் வலைச் செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். மாணவியர் 1,200 பேர். ஒவ்வொருவருக்கும் 5 பாடங்கள். ஆக மதிப்பெண்கள் 6,000. மறுகூட்டல் நடந்திருந்தால் அதற்கெனத் தனிக் குறிப்பு உண்டு. மதிப்பெண் என்னும் பொருளுக்குள் ஒரு விதி எழுதப்பட்டுள்ளது: மறுகூட்டல் இருந்தால் அந்த எண், இல்லையேல் முதல் எண். தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

முதல் வழி, பொருள்களையே கேட்பது. விதி உள்ளேயே இருப்பதால் விடை சரியாக வரும். ஆனால் கவனியாமல் எழுதினால் என்ன ஆகும்? மாணவியர் பட்டியலுக்கு 1 வினவல். ஒவ்வொருத்தியின் மதிப்பெண்களுக்கும் ஒன்றாக 1,200. ஒவ்வொரு மதிப்பெண்ணின் மறுகூட்டல் குறிப்புக்கும் ஒன்றாக 6,000. மொத்தம் 7,201 வினவல்கள்! ஒன்றுக்கு 2 மில்லி விநாடி என்று வைத்தாலும் 14 விநாடிக்கு மேல் ஆகிறது. கடைக்குப் போய் முதலில் உப்பு, திரும்பி வந்து மறுபடி போய்ப் புளி, மறுபடி போய் மிளகாய் என்று வாங்குவதைப் போன்றது இது. நிரலாளர் இதனை 'என் பிளஸ் ஒன்' சிக்கல் என்பர். மாணவி, மதிப்பெண், மறுகூட்டல் மூன்றையும் முன்கூட்டியே சேர்த்துக் கேட்டால் இரண்டு மூன்று வினவல்களில் வேலை முடிந்துவிடும். 6,000 பொருள்கள் இன்றைய கணிப்பொறிக்குச் சுமையே அன்று. ஒரே பள்ளி, ஒரே ஆண்டு என்றால் இவ்வழியே போதும் என்பது என் எண்ணம். ஒரு மாவட்டத்துப் பள்ளிகள் அனைத்திற்கும், பத்தாண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கும்போதுதான் இது திணறும்.

இரண்டாவது வழி, எஸ்.க்யூ.எல். கொண்டு அட்டவணையை நேரே கேட்பது. தரவுத்தளம் தன்னிடத்திலேயே பிரித்துக் கூட்டி, வகுப்புக்கு ஒரு வரியாக விடை தரும். வேகத்தில் குறையில்லை. ஆபத்து வேறிடத்தில் உள்ளது. ஒரு மாணவி அறிவியலில் முதலில் 33 பெற்றாள்; மறுகூட்டலில் 36 ஆயிற்று. அவளுடைய மதிப்பெண் சான்று பொருள் வழியாக வருவதால் 'தேர்ச்சி' என்கிறது. தலைமையாசிரியை மேசைக்குச் செல்லும் பட்டியலை எழுதியவரோ மதிப்பெண் பத்தியை மட்டும் படித்தார். அதில் அவள் பெயர் தோல்வியுற்றோர் வரிசையில் நிற்கிறது. எந்தத் தாளை அவள் பெற்றோர் நம்புவது? மெதுவாக வரும் அறிக்கைக்குக் காத்திருக்கலாம். வேகமாக வந்த தவறான அறிக்கையைத் தவறென்று யாரும் ஐயுறக்கூட மாட்டார்கள்.

வேண்டிய பத்திகளைத் தேர்ந்தெடுத்து அழகாக அச்சிட்டுத் தரும் ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் போன்ற கருவிகளும் உண்டு. தலைப்பு, கோடு, பக்க எண் எல்லாம் அவை பார்த்துக்கொள்ளும். விதி எது என்று நாம்தான் சொல்லவேண்டும்.

விதியை ஓரிடத்தில் வைக்க இரண்டு உபாயங்கள் உள்ளன. தரவுத்தளத்திலேயே 'வியூ' என்னும் காட்சி அட்டவணை ஒன்றை அமைத்து, விதியை அதில் எழுதி, பொருளும் அறிக்கையும் அதையே படிக்கச் செய்யலாம். அல்லது மறுகூட்டல் பதிவாகும் அந்நொடியிலேயே பொருள் தன் விதியால் கணக்கிட்டு, 'இறுதி மதிப்பெண்' என்ற தனிப் பத்தியில் எழுதிவிடலாம். அறிக்கை அப்பத்தியைக் கூட்டினால் போதும். எனக்குப் பிடித்தது பின்னது. விதிக்குக் காவல் பொருளே என்ற ஒழுங்கு இதில் குலைவதில்லை. ஆனால் எவரேனும் பொருளைத் தாண்டி அட்டவணையை நேரே திருத்தினால் கணக்குக் கெடும். விதியே மாறினால் பழைய வரிகளையெல்லாம் மறுபடி கணக்கிடவும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மே மாதம் அச்சிட்ட பட்டியலில் அம்மாணவி தோல்வி. ஜூன் பட்டியலில் தேர்ச்சி. இரண்டும் அந்தந்த நாளுக்குச் சரியே. பொருள் பெரும்பாலும் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். 'மே 31ஆம் நாள் நிலவரம் யாது?' என்று கேட்டால் விழிக்கும். ஆகையால் முதல் எண்ணை அழிக்காமல், மாற்றம் நடந்த நாளையும் உடன் எழுதி வைக்கவேண்டும். அறிக்கையின் தலைப்பிலும், அச்சிட்ட நாளோடு எந்நாள் நிலவரம் என்பதும் இருத்தல் வேண்டும். அப்போது இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் தந்தைக்கு, 33 எப்போது 36 ஆயிற்று என்பது அலுவலகத்தில் கேளாமலே தெரியும்.