அண்டையார் அமைதியும் இளைஞர் வாகன விளையாட்டும்

செனாயில் கடை நடத்தும் நமக்கு இவ்விஷயம் புதிதன்று. விடுமுறை முன்னிரவில் மணி பன்னிரண்டு தாண்டியதும் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் கூட்டமாக வருகின்றனர். நம் கடைகளில் ரொட்டிச் சானாயும் தேத்தண்ணீரும் சாப்பிடுகின்றனர். கல்லாவுக்கு அது நல்ல வரும்படிதான். ஆனால் அவர்கள் புறப்படும்போது எழும் இரைச்சலில் கடைவீட்டு மாடியில் தூங்கும் குழந்தை அலறி எழுகிறது. நோயாளியின் உறக்கம் கெடுகிறது. விடிந்தால் வேறு சிலர் செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளில் வாகனம் ஓட்டக் கிளம்புகின்றனர். தோட்டக்காரருக்கு வடிகாலும் இளங்கன்றும் பற்றிய கவலை.

ஓட்டுபவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு; உறக்கம் இழப்பவர்களில் நம் குடும்பங்களும் உண்டு. ஆதலின் ஒரு பக்கம் சாய்ந்து பேசாமல், இதை ஒரு பாடமாக எடுத்து ஆராய்வோம்.

முன்னோர் வகுத்த முறை

1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பை வெளியிட்டது. அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையில் அறிஞர் குழு தொகுத்த அதில் 1,851 விதிகள் உள்ளன. நாம் வாழும் இதே ஜொகூரில் 1913-ஆம் ஆண்டில் அது மலாய் மொழியில் பெயர்க்கப்பட்டது. இன்று இத்தகைய வழக்குகளை நீதிமன்றம் அதைக்கொண்டு தீர்ப்பதில்லை. எனினும் அதன் நியாயம் நமக்கு இன்றும் துணை செய்யும். அதில் மூன்று கருத்துக்களைக் கவனிப்போம்.

முதலாவது: தன் சொத்தைத் தன் விருப்பப்படி ஆள ஒருவருக்கு உரிமை உண்டு; ஆனால் அண்டையாருக்குக் கடுந்தீங்கு நேரும் இடத்தில் அவ்வுரிமை நின்றுவிடும். வீட்டருகே கொல்லுப்பட்டறை வைத்து, சம்மட்டி அடியால் அவ்வீடு பழுதடையுமானால் அதைத் தடுக்கலாம். சிறு தொல்லை வேறு, கடுந்தீங்கு வேறு என்று பிரித்துக் காட்டியதே இதன் நுட்பம்.

இரண்டாவது: பட்டறை முன்பே இருக்க, பிறகு வந்து பக்கத்தில் வீடு கட்டியவர், சத்தம் என்று சொல்லிப் பட்டறையை மூடச் சொல்ல இயலாது.

மூன்றாவது: பொதுவழியில் நடக்க யாவருக்கும் உரிமை உண்டு, பிறருக்குத் தீங்கு விளைவிக்கலாகாது என்பது அதற்கு நிபந்தனை.

தூர தேசத்து அனுபவம்

கனடாவில் பனிக்காலத்தில் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகளில் செல்வது பெரும் பொழுதுபோக்கு. கியூபெக் மாநிலத்தில், பழைய இரயில் பாதை ஒன்றைப் பூங்கா வழியாக்கி அதில் அவ்வண்டிகளை விட்டனர். பாதையோரக் குடியிருப்பாளர் இரைச்சலும் புகையும் தாங்காது வழக்கிட்டனர். 2004 நவம்பரில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்து, அங்கே வண்டி ஓட்டத் தடை விதித்தது. மறுமாதமே அரசாங்கம், இத்தகைய வழக்குகளைக் குறிப்பிட்ட காலம் வரை தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. முதலில் ஒரு பக்கம் வென்றது, பிறகு மறுபக்கம் வென்றது. அண்டையார் மனக்கசப்பு மட்டும் இரண்டிலும் தீரவில்லை.

அதே நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் வேறொரு வழி கண்டனர். ஓட்டுவோர் சங்கங்களே நிலச்சொந்தக்காரரிடம் சென்று அனுமதி கேட்கின்றன. ஓட்டுவோர் அனுமதிச்சீட்டு வாங்குகின்றனர். அப்பணம் பாதையைப் பராமரிக்க உதவுகிறது. நிலக்காரர் மனம் வருந்தினால் பாதையே மூடப்படும் என்பதை ஓட்டுவோர் அறிந்திருக்கின்றனர்.

நம் மாநிலத்தில்

வேகப் போட்டி ஜொகூருக்குப் புதிதன்று. 1940-இல் ஜொகூர் பாரு வீதிகளிலேயே மோட்டார்ப் பந்தயம் நடந்தது. 1986-இல் பாசிர் கூடாங்கில் தனிப் பந்தயத் திடல் திறக்கப்பட்டு, 1998-இல் அங்கே உலக மோட்டார் சைக்கிள் போட்டி நடந்தது. விளையாட்டுக்குத் தனி இடம் அமைந்தால் வீதி பிழைக்கும் என்பதற்கு இது சான்று. இடமின்றி வீதிக்கு வந்தால் என்னவாகும்? 2017 பிப்ரவரி 18 அதிகாலையில், ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த சைக்கிள்களுடன் சாலையில் இருந்த எட்டுச் சிறுவர்கள் கார் மோதி உயிரிழந்தனர். நம் பிள்ளைகளை நினைக்கும்போது இதை மறக்கலாகாது.

சட்டமும் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓடுவதைத் தடுக்கிறது. வாகன இரைச்சலுக்கும் அதே ஆண்டில் ஒழுங்குவிதிகள் பிறந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் போலீசைக் கூப்பிடுவது அண்டையார் முறையாகாது.

நாம் செய்யக்கூடியவை

கடைக்காரர் இரு சாராருக்கும் நடுவில் நிற்பவர், இருவருக்கும் அறிமுகமானவர். ஆதலின் முதல் வார்த்தை நம்முடையதாக இருக்கட்டும். ‘தம்பி, கடை முன் எஞ்சினை முறுக்காதே, மேலே ஆள் தூங்குகிறது’ என்று அன்பாகச் சொன்னால் பலர் கேட்பர். புகைக்குழாயை மாற்றித் தரும் பட்டறை நம்மவருடையதாயின், வரும்படியோடு பொறுப்பையும் எண்ணவேண்டும். தோட்டத்தில் ஓட்ட விரும்புவோர் நிர்வாகத்திடம் முன்னரே எழுதிக் கேட்கட்டும். குடியிருப்போரும், கடைத்தெருவில் வாழவந்தோம் என்பதை மறவாமல், பொறுக்கத்தக்கதைப் பொறுக்கட்டும்.

சிந்திக்க மூன்று கேள்விகள்:
1. நம் கடையால் அண்டையார் படுவது சிறு தொல்லையா, கடுந்தீங்கா?
2. கடை முந்தியதா, வீடு முந்தியதா? அது நம் பொறுப்பை எவ்வளவு மாற்றும்?
3. இரவு வரும்படிக்காக நாம் எதைக் கண்டும் காணாதிருக்கிறோம்?

சங்கக் கூட்டத்தில் இவற்றுக்கு மனம் திறந்து விடை சொல்வோமாக. இலாபம் ஒரு நாளில் வரும், போகும். பக்கத்து வீட்டாரோ நாளும் முகம் பார்ப்பவர்.