பழைய எம்எக்ஸ்-5 காருக்குப் புது புஷ் போடுவது எப்படி?

மாஸ்தா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989 முதல் 1997 வரை ஹிரோஷிமாவில் தயாரானது. ஜப்பானில் அதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். இன்று கையில் கிடைக்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜின் நன்றாகவே ஓடுகிறது. முன் சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்களுக்குத்தான் முப்பது வயது ஆகிவிட்டது. நேர்ச் சாலையில் ஸ்டீயரிங் அலைகிறதா? பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் 'டக்' என்கிறதா? அப்படியென்றால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கும் முன் புஷ்களைப் பாருங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய புஷ்ஷைக் கழற்றுவதில் உடம்பு வலிக்கும், அவ்வளவுதான். புதியதை மாட்டிய பிறகு போல்ட்டை எந்த நிலையில் வைத்து இறுக்குகிறோம் என்பதில்தான் செலவழித்த பணம் நிற்பதும் போவதும் இருக்கிறது. அந்த இடத்துக்கு வரும்போது விரிவாகச் சொல்கிறேன்.

எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் டை ராட் எண்டைப் பாருங்கள். புஷ்ஷுக்குக் கடப்பாரைக் கம்பி வேண்டும். ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினால், வெடித்த ரப்பர் வாயைத் திறந்து காட்டும்.

இந்த வண்டியில் ஒரு பக்கத்துக்கு நான்கு புஷ்கள்: அப்பர் ஆர்மில் இரண்டு, லோயர் ஆர்மில் இரண்டு. லோயர் பால் ஜாயின்ட் தனியாகக் கழன்று வரும். அப்பர் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தது. அது போயிருந்தால் முழு ஆர்மையும் வாங்க வேண்டும். எதை மாற்றினாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

வேலைக்கு நான்கைந்து நாள் முன்பே எல்லா நட்டு போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் அடித்து வையுங்கள். லோயர் ஆர்மின் உள்முனையில் இருக்கும் இரண்டு கேம் போல்ட்கள்தான் அழவைக்கும். கேம்பரும் காஸ்டரும் அவற்றால்தான் சரிசெய்யப்படுகின்றன. பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் ஊரில் ஓடிய வண்டி என்றால், போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். தலை சுற்றும், போல்ட் நகராது. சம்மட்டியால் அடித்து பிராக்கெட்டை வளைத்துவிடாதீர்கள். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே ரம்பத்தை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுவதே நல்லது. அதனால்தான் புதிய கேம் போல்ட்களை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்கிறேன்.

வண்டி சமதரையில் நிற்கும்போதே சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இரண்டு பக்க அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த எண் பின்னால் வேண்டும். கேம் தகடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பெயிண்டால் ஒரு கோடு போட்டு, போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

முன்பக்கத்தை முழுவதும் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, வண்டியை ஒரு தடவை பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசையாமல் நின்றால்தான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கேலிப்பரை எடுத்துக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். ஹோஸில் தொங்கவே கூடாது. பிறகு ஸ்டெபிலைசர் லிங்க், ஷாக்கின் அடிப் போல்ட், டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் என்று வரிசையாக வாருங்கள். இந்த வண்டியில் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே அடைபட்டிருப்பதால், ஆர்மைப் பிரிக்கும்போது சீறி வெளியே வராது.

பால் ஜாயின்ட்டின் நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டு வையுங்கள். பிறகு போல்ட்டின் மேல் அல்ல, அது உட்கார்ந்திருக்கும் நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு மூன்று அடி. 'டொப்' என்று இறங்கிவிடும்.

கழற்றிய ஆர்மை பிரஸ் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போனால் அரை மணி நேரத்தில் புஷ்ஷை மாற்றித் தருவார்கள். வீட்டிலேயே செய்வதானால் பெரிய வைஸும், அளவான இரண்டு சாக்கெட்டும் போதும். பழைய புஷ் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்று அளந்துவிட்டு எடுங்கள். புதியதும் அதே அளவில் உட்கார வேண்டும். ரப்பருக்கு கிரீஸ் தடவாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும்.

இப்போது இறுக்கும் விஷயம். ரப்பர் புஷ் கதவுக் கீல் மாதிரி சுழலும் சாமான் இல்லை. உள்குழாய், ரப்பர், வெளிக்குழாய் மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொள்வது ரப்பர்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரைக்கு வந்த நிமிடத்திலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். நான் முதல் தடவை அப்படித்தான் இறுக்கினேன். ஒரு வருஷத்துக்குள் புது புஷ்ஷில் விரல்நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

எனவே எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் மாட்டுங்கள். லோயர் ஆர்மில் பால் ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஜாக்கி கொடுத்து மெல்ல உயர்த்துங்கள். ஹப்பின் மையத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நீங்கள் எழுதி வைத்த அளவு வந்ததும் நிறுத்தி, ஒர்க்ஷாப் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். அப்பர் ஆர்மின் நீளப் போல்ட்டை மறந்துவிடாதீர்கள். அலைன்மென்ட் செய்பவர் கேம் போல்ட்களை எப்படியும் தளர்த்தி, வண்டியின் பாரத்தோடு மறுபடி இறுக்குவார். லோயர் ஆர்மில் நீங்கள் செய்த தவறு அங்கே சரியாகிவிடும். அப்பர் ஆர்மை அவர் தொடவே மாட்டார்.

பால் ஜாயின்ட் நட்டில் ஸ்பிளிட் பின் துளை நேர்படாவிட்டால் நட்டைத் தளர்த்தாதீர்கள். அடுத்த வெட்டு வரும் வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். பழைய பின்னைத் திரும்பப் போட வேண்டாம். சக்கர நட்டுக்கு 89 முதல் 118 நியூட்டன் மீட்டர்.

அலைன்மென்ட் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போங்கள், டோ மாறியிருக்கும். அங்கே வேலை முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட் வரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் குனிந்து பார்த்தால், எது தளர்ந்தது என்று அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும்.