ஒரே மானிட்டர், அகலமான பார்வை: ரேஸ் ஓட்டுற தம்பி தங்கைகளுக்கு அக்காவின் 8 டிப்ஸ்

ரேஸ் கேம்ல வர்ற ஸ்பா டிராக்ல முதல் வளைவு லா சோர்ஸ். வலது பக்கம் கொண்டை ஊசி மாதிரி மடங்கும். நீ ஸ்டியரிங்கைத் திருப்புறப்போ வளைவோட உள்முனை மானிட்டர் ஓரத்தைத் தாண்டி மறைஞ்சுடும். அப்புறம் குத்துமதிப்பாத்தான் ஓட்டணும். இதுக்குப் பயந்து பலபேர் செட்டிங்ஸ்ல எஃப்ஓவி, அதாவது பார்வைக் கோணத்தை, கடைசிவரைக்கும் ஏத்தி வெச்சுடுறாங்க. அப்படிச் செஞ்சா நிறைய தெரியும், ஆனா எல்லாமே சின்னதாகித் தள்ளிப்போயிடும். கிட்ட வந்துட்ட வளைவு இன்னும் தூரத்துல இருக்கிற மாதிரி தோணும், பிரேக்கை லேட்டா மிதிப்பே. வேற வழி இருக்கு. வரிசையா சொல்றேன், கேட்டுக்கோ.

1. மானிட்டரைக் கிட்ட இழு

ஜன்னலை விட்டுத் தள்ளி நின்னா எதிர்வீட்டு வாசல் மட்டும்தான் தெரியும். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா தெருவோட ரெண்டு முனையும் தெரியும். மானிட்டரும் அப்படித்தான். 27 அங்குல மானிட்டரோட அகலம் ஏறக்குறைய 60 செ.மீ. அது 80 செ.மீ. தள்ளி இருந்தா சரியான கோணம், அதாவது உன் கண்ணுலேர்ந்து திரையோட ரெண்டு ஓரத்துக்கும் விரியிற கோணம், 41 டிகிரிதான். 60 செ.மீ.க்குக் கொண்டு வந்தா 53, 50 செ.மீ.க்கு வந்தா 62. ஒரு பைசா செலவில்லாம 21 டிகிரி கூடுது! ஸ்டியரிங்கோட மோட்டார் பெட்டி இடிச்சா, மானிட்டரோட ஸ்டாண்டைக் கழட்டிட்டு ஆர்ம்ல மாட்டு. பெட்டிக்கு மேலேயே தொங்குற மாதிரி முன்னாடி இழுத்துக்கலாம்.

2. டேப் வெச்சு அள

கண்ணளவு போதாது. வீட்ல இருக்கிற தையல் டேப்பை எடு. ஓட்டுறப்போ எப்படி உட்காருவியோ அப்படியே முதுகைச் சாய்ச்சு உட்கார். டேப்போட ஒரு முனையைக் கண்ணோரத்துல வெச்சுக்கிட்டு, இன்னொரு முனையைத் திரையோட நடுவுக்குக் கொண்டுபோகச் சொல்லி வீட்ல யாரையாவது கூப்பிடு. நான் முதல்முறை அளந்தப்போ 60 இருக்கும்னு நினைச்சேன், 82 இருந்தது. திரையோட நடு உன் கண் மட்டத்துக்கு வர்றதையும் அப்பவே பார்த்துக்கோ.

3. எந்தக் கோணம்னு பார்த்துப் போடு

ஐரேசிங் கேம் கேட்கிறது படுக்கைவாட்டுக் கோணம். அசெட்டோ கோர்சா கேட்கிறது செங்குத்துக் கோணம். 27 அங்குலத் திரையை 60 செ.மீ.ல வெச்சா படுக்கைவாட்டுல 53, செங்குத்துல 31. இது தெரியாம அசெட்டோ கோர்சாவுல 53 போட்டா, படுக்கைவாட்டுல 83 டிகிரி ஆகிடும். நிறையபேர் தடுக்கி விழற இடம் இது.

4. கூட்டணும்னா கொஞ்சமா கூட்டு

கணக்குல வந்த எண்ணோட ஓட்டிப் பார்த்தும் பக்கத்துல ஒண்ணுமே தெரியலைன்னா, ரெண்டு ரெண்டு டிகிரியா ஏத்து. ஒவ்வொரு தடவையும் பத்து லேப் ஓட்டு. பிரேக் பிடிக்கிற இடம் தவற ஆரம்பிச்சா, ஒரு படி பின்னாடி வந்துடு. அதுக்கப்புறம் அந்த எண்ணைத் தொடாதே. தினமும் மாத்தினா கண்ணுக்குத் தூரம் பழகவே பழகாது.

5. திரைக்குள்ள இருக்கிற ஸ்டியரிங்கை மறை

உன் கையில நிஜ ஸ்டியரிங் இருக்கு, திரையில இன்னொண்ணு எதுக்கு? பல கேம்ல அதையும் ஓட்டுநரோட கையையும் மறைக்க வழி இருக்கு. கேமுக்குள்ள இருக்கிற சீட்டையும் கொஞ்சம் முன்னாடி நகர்த்து. கோணம் மாறாது, ஆனா டேஷ்போர்டும் கண்ணாடித் தூணும் அடைச்ச இடம் ரோட்டுக்குக் கிடைக்கும்.

6. பக்கம் பார்க்க பட்டன் வை

இடது பார்வை, வலது பார்வை ரெண்டையும் ஸ்டியரிங்ல கட்டைவிரல் எட்டுற பட்டன்ல வை. திரைக்கு மேல வர்ற விர்ச்சுவல் மிரரையும் ஆன் பண்ணிடு. நேர்ரோட்டுல ஒரு நொடி அழுத்திப் பார்த்தாலே பின்னாடி வர்றவன் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும்.

7. காதையும் கண்ணாக்கு

பக்கத்துல கார் வந்தா சொல்ற ஸ்பாட்டர் குரல் ஐரேசிங்லயே இருக்கு. க்ரூ சீஃப்னு ஒரு இலவச மென்பொருள் பல கேமுக்கும் இதே வேலையைச் செய்யும். இடப்பக்கம் கார்னு குரல் வந்தா, அது விலகுற வரைக்கும் அந்தப் பக்கம் இடம் விட்டே ஓட்டு.

8. தலையைத் திருப்பினா திரும்பட்டும்

வெப்கேம் இருந்தா ஓப்பன்டிராக்குங்கிற இலவச மென்பொருளைப் போட்டுப் பார். தலையை லேசாத் திருப்பினா கேமுக்குள்ள பார்வை அதைவிடக் கூடுதலாத் திரும்பும். லா சோர்ஸோட உள்முனை அப்ப தெரியும். முதல்ல தலை சுத்தற மாதிரி இருக்கலாம், அதனால திரும்புற அளவைக் குறைச்சு வெச்சு ஆரம்பி.

பிற்பாடு காசு சேர்ந்தா 34 அங்குல அல்ட்ராவைட் வாங்கு. உயரம் கிட்டத்தட்ட 27 அங்குல மானிட்டரோடதுதான், ஆனா அகலம் ஏறக்குறைய 80 செ.மீ. அதே 60 செ.மீ. தூரத்துல கோணம் 67 டிகிரி வரும். ஆனா அவசரப்பட்டு அப்பா அம்மாகிட்ட இப்பவே கேட்டு நிக்காதே. இன்னிக்கு ராத்திரி ஓட்ட உட்கார்றதுக்கு முன்னாடி டேப்பை எடுத்து அள, மானிட்டரை ஒரு சாண் முன்னாடி இழு. அதுக்கப்புறமும் பத்தலைன்னா வாங்கறதைப் பத்தி யோசிக்கலாம்.